சிந்தும் தீவனமும் சேரும் பணமும்

கிழக்கேகோட்டையில் உள்ள நம் கிளையில் மாதத்தின் முதல் வாரம் எப்போதும் நெரிசல் மிகுந்தது. ஓய்வூதியம் பெற வருவோர், சாலைக் கடைத்தெருவின் முந்தைய நாள் விற்பனைப் பணத்தைச் செலுத்த வருவோர், பழவங்காடிப் பிள்ளையாரை வணங்கிவிட்டு அப்படியே கணக்குப் புத்தகத்தில் பதிவு செய்துகொள்ள வருவோர் எனக் காலையிலேயே கூடம் நிறைந்துவிடும். அத்தகைய ஒரு நாளில், மணக்காட்டுப் பக்கத்திலிருந்து வரும் மூதாட்டி ஒருவர் தம் தொடர் வைப்புக் கணக்கை முடித்துக்கொள்ள விரும்புவதாகக் கூறினார். மாதம் 300 ரூபாய் வீதம் ஐந்து தவணைகள் கட்டியிருந்தார். பேத்தியின் பள்ளிச் செலவுக்கென்று, முட்டை விற்ற காசிலிருந்து கட்டிவந்த கணக்கு அது.

காரணம் கேட்டோம். “முட்டை விற்ற காசு தீவனத்துக்கே போய்விடுகிறது, சார். இரண்டு மாதமாக மகனிடம் வாங்கித்தான் தவணை கட்டுகிறேன். கோழிகளையும் விற்றுவிடலாம் என்று இருக்கிறேன்” என்றார்.

கோழிகள் நன்றாகவே முட்டையிடுவதாகவும் அவரே கூறினார். நன்றாக முட்டையிடும் கோழி நட்டம் தருகிறது என்றால், வரவுக்கும் செலவுக்கும் நடுவில் எங்கோ ஓட்டை இருக்க வேண்டும். வணிகவியல் படித்தவர்களுக்கு அந்த ஓட்டையைத் தேடாமல் இருக்க இயலாது. “ஒரு வாரம் பொறுத்திருங்கள், அம்மா. அதற்குள் ஒரு கணக்குப் பார்ப்போம்” என்று கேட்டுக்கொண்டோம். அந்தக் கணக்கு, வீட்டில் நான்கு கோழிகள் வளர்க்கும் எந்த வாடிக்கையாளருக்கும் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறோம்.

செலுத்துச் சீட்டின் பின்புறம்

அவரிடம் பத்துக் கோழிகள் இருந்தன. நாள்தோறும் 1 கிலோ 300 கிராம் தீவனம் வைத்தார். சராசரியாக எட்டு முட்டைகள் கிடைத்தன. தீவன விலையும் முட்டை விலையும் அடிக்கடி மாறுபவை. ஆதலால், கணக்கு எளிதாக இருக்கும்பொருட்டுத் தீவனம் கிலோ 40 ரூபாய் என்றும் முட்டை ஒன்று 7 ரூபாய் என்றும் கொள்வோம். நாள் செலவு 52 ரூபாய்; நாள் வரவு 56 ரூபாய். மிச்சம் 4 ரூபாய். மாதத்துக்கு 120 ரூபாய். 300 ரூபாய்த் தவணைக்கு அது எப்படிப் போதும்?

முட்டையிடும் கோழி ஒன்று நாளொன்றுக்கு உண்பது ஏறத்தாழ 110 கிராம். இனத்துக்கும் பருவத்துக்கும் ஏற்ப இது சற்றுக் கூடலாம், குறையலாம். பத்துக் கோழிகளுக்கு 1 கிலோ 100 கிராம் போதும். அவ்வாறாயின், நாள்தோறும் எஞ்சிய 200 கிராம் எங்கே போனது? கோழி கூடுதலாக உண்டதா, அல்லது உண்ணாமலே போனதா? இதை ஊகத்தால் அறிய இயலாது. நிறுத்துத்தான் பார்க்க வேண்டும்.

அவர் வீட்டுக் கூண்டின் தீவனத் தொட்டிக்கு நேர் கீழே பழைய சேலைத் துணி ஒன்றை விரிக்கச் செய்தோம். ஒவ்வொரு நாளும் மாலையில் துணியில் விழுந்ததைச் சலித்து, தூசும் இறகும் நீக்கி, ஒரு டப்பாவில் சேர்த்து வைத்தார். ஏழு நாட்களில் அவர் வைத்த தீவனம் 9 கிலோ 100 கிராம். துணியில் சேர்ந்தது 1 கிலோ 400 கிராம். வைத்ததில் நூற்றுக்குப் பதினைந்துக்கும் மேற்பட்ட பங்கு கோழியின் வயிற்றுக்குள் செல்லவே இல்லை.

பதினைந்து விழுக்காடு என்பது சிறிய எண்ணாகத் தோன்றும். ஆனால் அது கழிவது செலவிலிருந்து மட்டுமா? நாள்தோறும் சிந்திய 200 கிராமின் விலை 8 ரூபாய். அவருக்கு மிஞ்சியதோ 4 ரூபாய். கிடைத்திருக்க வேண்டிய 12 ரூபாயில் மூன்றில் இரு பங்கைத் தரை தின்றுவிட்டது. ஆண்டுக்கு 73 கிலோ தீவனம், 2,920 ரூபாய். சிறு இலாபத்தில் நடக்கும் எந்தத் தொழிலுக்கும் இதுவே விதி: செலவில் சிறு கசிவு, இலாபத்தில் பெரும் பள்ளம்.

முற்றத்துக் கோழியும் கூண்டுக் கோழியும்

நம் பாட்டிமார் கோழி வளர்த்த காலத்தில் இந்தக் கேள்வியே எழவில்லை. முற்றத்தில் ஒரு பிடி நெல்லையோ கம்பையோ இறைத்தால், கோழி கிளறிக் கிளறிக் கடைசி மணி வரை பொறுக்கிக்கொள்ளும். சிந்தியது என்று அங்கே எதுவுமில்லை. சிந்துவதே பரிமாறும் முறையாக இருந்தது.

இன்று நகரத்தில் அத்தகைய முற்றம் அரிது. கோட்டையைச் சுற்றியுள்ள மூன்று, நான்கு சென்ட் மனைகளில் கோழி வளர்ப்பவர்கள் கம்பிவலைக் கூண்டையே நம்பியிருக்கிறார்கள். திருவனந்தபுரம் பேட்டையைத் தலைமையிடமாகக் கொண்ட கேரள மாநிலக் கோழி வளர்ச்சிக் கழகமாகிய கெப்கோ, நகர வீடுகளுக்குக் கூண்டும் கோழிகளும் வழங்கும் ‘நகரப்பிரியா’ என்ற திட்டத்தை நடத்தியது இந்தத் தேவையை உணர்ந்துதான். பி.வி. 380 போன்ற கோழிகள் கூண்டில் நன்கு முட்டையிடுகின்றன. இடமும் மிச்சம், நாய், கீரியின் தொல்லையும் இல்லை.

ஆயினும் கூண்டுக்குள் வந்த கோழி தன் பழக்கத்தை வெளியே விட்டுவிட்டு வரவில்லை. அலகால் இப்படியும் அப்படியும் தள்ளி, பிடித்த துணுக்கைத் தேடி எடுப்பது காட்டுக்கோழி மூதாதையரிடமிருந்து வந்த இயல்பு. தொட்டியில் தூளும் குருணையும் கலந்திருந்தால், முதலில் மக்காச்சோளத் துணுக்கைத் தேடும், மற்றதை ஒதுக்கும். முற்றத்தில் ஒதுக்கியதை மறுபடி பொறுக்கலாம். கூண்டில் ஒதுக்கியது தொட்டியின் விளிம்பைத் தாண்டிக் கீழே எச்சத்தில் விழுகிறது, அது மீளாது. கோழியைக் குறை கூறிப் பயனில்லை. தொட்டியையும் நம் கையையும்தான் திருத்த வேண்டும்.

தொட்டியை நிரப்பாதீர்கள்

சேதத்துக்கு முதற்காரணம் நம் தாராள மனம். காலையில் தொட்டி நிறையக் கொட்டிவிட்டால் மாலை வரை கவலையில்லை என்று எண்ணுகிறோம். கோழி வளர்ப்புப் பயிற்சிகளில் நெடுங்காலமாகச் சொல்லப்படும் கணக்கு ஒன்று உண்டு. தொட்டியை விளிம்புவரை நிரப்பினால் ஏறத்தாழ 30 விழுக்காடு வரை வீணாகும். மூன்றில் இரு பங்கு நிரப்பினால் 10 விழுக்காடு. பாதி நிரப்பினால் 3 விழுக்காடு. மூன்றில் ஒரு பங்கு நிரப்பினால் ஒரு விழுக்காடு அளவுதான். தொட்டியை மாற்றாமல், ஒரு காசும் செலவிடாமல் செய்யக்கூடிய திருத்தம் இது. ஒரே வேளையில் வைப்பதைக் காலை, மாலை என இரு வேளையாகப் பிரித்தாலே போதும்.

அதிகாலையிலும் மாலையிலும் கோழி ஆர்வத்துடன் உண்ணும். நடுப்பகல் வெப்பத்தில் உண்பதைக் குறைத்துக்கொள்ளும். மேலும், முட்டை ஓடு பெரும்பாலும் இரவில் உருவாவதால், மாலைத் தீவனமும் அதனுடன் கிடைக்கும் சுண்ணாம்புச் சத்தும் ஓட்டின் உறுதிக்கு உதவுகின்றன. கிளிஞ்சல் துகளைத் தீவனத்தில் கலக்காமல் தனிக் கிண்ணத்தில் வைத்தால், கோழி தனக்கு வேண்டிய அளவை எடுத்துக்கொள்ளும்.

இரண்டாவது, தொட்டியின் உயரம். தொட்டியின் விளிம்பு, நிற்கும் கோழியின் முதுகு மட்டத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். தாழ்வாக இருந்தால் அலகால் வாரி வெளியே தள்ளும். காலால் கிளறும் கோழியும் உண்டு. குஞ்சு வளர வளரத் தொட்டியையும் உயர்த்த வேண்டும். தொங்கவிடும் தீவனக் கலமாயின், கயிற்றில் ஒரு முடிச்சைக் கூட்டினாலே ஆயிற்று.

மூன்றாவது, விளிம்பின் வடிவம். உட்புறமாக மடிந்த விளிம்புள்ள தொட்டி, தள்ளப்படும் தீவனத்தைத் திரும்ப உள்ளேயே விழச் செய்யும். நம் வாடிக்கையாளரின் தொட்டி, நெடுக்காக இரண்டாகப் பிளந்த பி.வி.சி. குழாய். அதன் விளிம்பு நேராக இருந்தது. அவருடைய மகன் மெல்லிய தகட்டுப் பட்டை ஒன்றை விளிம்பு நெடுகிலும் உள்நோக்கிச் சாய்த்துப் பொருத்தினார். தகட்டின் கூரிய ஓரம் கழுத்தைக் கிழிக்காதபடி அதை மடித்துவிட வேண்டும் என்பதைக் கவனத்தில் கொள்க.

நான்காவது, தீவனத்தின் உருவம். மாவு போன்ற தீவனம் விலை குறைவாக இருக்கலாம். ஆனால் காற்றிலும் அலகிலும் ஒட்டி வீணாவதும் அதுவே மிகுதி. குருணையாகவோ குச்சியாகவோ கிடைக்கும் தீவனத்தில் கோழி பொறுக்கித் தள்ளுவது குறையும். மாவுத் தீவனத்தையே பயன்படுத்துவோர், உண்ணும் நேரத்தில் சிறிது நீர் தெளித்துப் பிசறி வைக்கலாம். ஆனால், அரை மணி நேரத்தில் உண்டு முடிக்கும் அளவே அவ்வாறு வைக்க வேண்டும். நம் ஊர் ஈரப்பதத்தில் நனைந்த தீவனம் விரைவில் புளித்துவிடும். தண்ணீர்க் கலத்தைத் தீவனத் தொட்டியிலிருந்து தள்ளி வைப்பதும் இதே காரணத்தால்தான். அலகில் ஒட்டிய மாவு நீரில் கரைய, நீர் தொட்டியில் சொட்ட, இரண்டும் கெடும்.

மூட்டைக்குள் நடக்கும் களவு

சிந்துவது கண்ணுக்குத் தெரியும் நட்டம். மூட்டைக்குள்ளேயே நடப்பது கண்ணுக்குத் தெரியாத நட்டம். திருவனந்தபுரத்துக்கு ஆண்டில் இரு மழைக்காலங்கள். இடவப்பாதி மழையில் சிமெண்டுத் தரையில் சாய்த்து வைத்த மூட்டை, அடியிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக் கட்டிபிடிக்கும். கட்டியைக் கையால் உடைத்துக் கோழிக்கு வைப்பது பலரிடமும் காணப்படும் வழக்கம். அது ஆபத்தானது. பூஞ்சை பிடித்த தீவனத்தில் அஃப்ளாடாக்சின் என்னும் நச்சு உருவாகலாம். 1960-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஏறத்தாழ ஒரு இலட்சம் வான்கோழிகள் அடுத்தடுத்து மடிந்தன. பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சையே காரணம் என்று ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். இந்த நச்சை உலகம் அறிந்துகொண்டது அப்போதுதான். வெயிலில் உலர்த்துவதாலோ அடுப்பில் வறுப்பதாலோ இது முற்றிலும் நீங்காது. பூஞ்சை மணம் வீசும் தீவனத்தைத் தயங்காமல் அப்புறப்படுத்துவதே சிக்கனம்.

ஆதலால், மூட்டையை மரப்பலகையின் மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். மழைக்காலத்தில் இரண்டு, மூன்று வாரங்களுக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள். மொத்தமாக வாங்கினால் மூட்டைக்குச் சில ரூபாய் குறையும் என்று கடைக்காரர் சொல்லலாம். கெட்டுப்போகும் இருப்பு, மலிவாக வாங்கிய இருப்பாகாது. பழைய மூட்டை தீர்ந்த பிறகே புதியதைப் பிரிக்க வேண்டும். ‘முதலில் வந்தது முதலில் செல்க’ என்று பண்டகக் கணக்கில் கற்ற விதி, கோழித் தீவனத்துக்கும் பொருந்தும்.

மூடியுள்ள தகர டிரம் ஒன்று இருந்தால் எலியின் தொல்லையும் தீரும். எலி தின்பதைவிடச் சிறுநீராலும் புழுக்கையாலும் கெடுப்பது பல மடங்கு. கூண்டின் கீழ் இரவில் கிடக்கும் தீவனமே எலிக்கு அழைப்பிதழ். மழைக்காலந்தோறும் கேரளத்தை அச்சுறுத்தும் எலிக்காய்ச்சல், எலியின் சிறுநீர் கலந்த நீரின் வழியே பரவுவது. சிந்திய தீவனத்தைப் பெருக்குவது பணத்தைக் காப்பது மட்டுமன்று. வீட்டாரின் உடல்நலத்தையும் காப்பது.

பறவைக் காய்ச்சலையும் இங்கே நினைவுகூர வேண்டும். 2014, 2021, 2024 ஆகிய ஆண்டுகளில் ஆலப்புழை வட்டாரத்தில் அந்நோய் தோன்றி, பெருந்தொகையான வாத்துகளும் கோழிகளும் அழிக்கப்பட்டன. காட்டுப்பறவைகளும் நீர்ப்பறவைகளும் நோயைக் கொண்டுவரக்கூடும். காகமும் புறாவும் கூண்டருகே இறங்குவது சிந்திய தீவனத்தைத் தேடித்தான்.

உண்டும் பயன்படாத தீவனம்

தொட்டியையும் மூட்டையையும் திருத்திய பின்னும் முட்டை குறைவாக இருந்தால், கோழிகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். முட்டையிடும் கோழியின் கொண்டை சிவந்து பருத்திருக்கும். அதன் பின்புறத்து இடுப்பெலும்புகளுக்கு நடுவே இரண்டு அல்லது மூன்று விரல்கள் நுழையும். கொண்டை வெளிறிச் சுருங்கி, எலும்புகளின் இடைவெளி ஒரு விரலுக்குள் அடங்கினால் அக்கோழி இப்போது முட்டையிடவில்லை. அது இறகுதிர்க்கும் பருவமாக இருக்கலாம். சில வாரங்களில் மீளும். முதுமையாயின் மீளாது. முட்டையிடாத கோழியும் ஏறத்தாழ அதே அளவு தின்னும். அதை வைத்துக்கொள்வதா என்பது அவரவர் மனத்தைப் பொறுத்தது; ஆனால் அதன் செலவைத் தனியே எழுதிவைத்தால் முடிவெடுப்பது எளிது.

குடற்புழுக்கள் உள்ள கோழி உண்பதில் ஒரு பங்கு புழுக்களுக்குப் போகிறது. கால்நடை மருத்துவர் கூறும் இடைவெளியில் புழுநீக்க மருந்து கொடுப்பது சிறு செலவு. அம்மருந்து கொடுத்த பின் எத்தனை நாட்களுக்கு முட்டையை உண்ணலாகாது என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்க.

அடுக்களை தரும் துணை

2011-ஆம் ஆண்டின் இறுதியில் விளப்பில்சாலைக் குப்பை ஆலை மூடப்பட்டது முதல், வீட்டுக் கழிவை வீட்டிலேயே கையாளும் வழக்கத்துக்கு இந்நகரம் மாற வேண்டியதாயிற்று. கோழி வளர்ப்போருக்கு அது சுமையாகவே இல்லை. கீரைத் தண்டு, காய்கறித் தோல், துருவிய தேங்காயின் மிச்சம், வடித்த சோறு ஆகியவற்றைக் கோழி விரும்பி உண்ணும். முருங்கை இலையும் அசோலாவும் தொட்டியிலேயே வளர்க்கத்தக்க பசுந்தீவனங்கள். தமிழகச் சிற்றூர்களில், பழைய பானையில் சாணமும் கோணித்துண்டும் அடைத்து ஈரப்படுத்தி, மாலையில் கறையான் புற்றருகே கவிழ்த்து வைப்பார்கள். மறுநாள் காலை பானை நிறையக் கறையான் சேர்ந்திருக்கும். குஞ்சுகளுக்கு அது சிறந்த புரதம்.

எனினும் ஓர் எச்சரிக்கை. சோறும் தோலும் வயிற்றை நிரப்புமே தவிர, முட்டைக்கு வேண்டிய புரதத்தையும் சுண்ணாம்பையும் போதிய அளவு தாரா. அவற்றையே மிகுதியாக வைத்தால் கலப்புத் தீவனம் தொட்டியில் தங்கி வீணாகும், முட்டையும் குறையும். முதலில் தீவனம், பிற்பகலில் அடுக்களை மிச்சம் என்பது நல்ல ஒழுங்கு. உப்பு மிகுந்ததும் ஊசிப்போனதும் கூடவே கூடா.

கடனுக்கு முன் கணக்கு

கோழி வளர்ப்புக்குக் கடன் கேட்டு வருவோர் பலர். 1998-இல் தொடங்கப்பட்ட உழவர் கடன் அட்டைத் திட்டம், 2018-19 மத்திய வரவுசெலவுத் திட்ட அறிவிப்பின்படி கால்நடை வளர்ப்போருக்கும் மீன் வளர்ப்போருக்கும் விரிவுபடுத்தப்பட்டது. தீவனம், மருத்துவம் முதலிய நடைமுறைச் செலவுகளுக்குத் தனி நபரும் சுய உதவிக் குழுக்களும் தகுதிக்கேற்ப இதைப் பெறலாம். விவரங்களை எந்தக் கிளையிலும் கேட்டறியலாம்.

ஆயினும், கடன் வழங்குவதைத் தொழிலாகக் கொண்ட நாமே ஒன்று கூறுவோம். சிந்தும் தீவனத்தை வாங்குவதற்குக் கடன் பெறாதீர்கள். பத்துக் கோழிகளில் உள்ள ஓட்டை, நூறு கோழிகளில் பத்து மடங்காகும். அதற்கு வட்டியும் சேரும். கூண்டைப் பெரிதாக்குமுன் ஒரு வாரம் துணி விரித்துப் பாருங்கள். ஒரு பள்ளிக் குறிப்பேட்டில் மூன்றே பத்திகள் போதும்: வைத்த தீவனம், சிந்திய தீவனம், கிடைத்த முட்டை. அந்தக் குறிப்பேட்டோடு கடன் கேட்டு வருபவரின் விண்ணப்பம், எந்த அலுவலருக்கும் நம்பிக்கை தரும்.

மூதாட்டியின் கதையை முடிக்க வேண்டும். தொட்டியை முதுகு மட்டத்துக்கு உயர்த்தினார். விளிம்பில் தகட்டுப் பட்டை பொருத்தப்பட்டது. இரு வேளையாக, மூன்றில் ஒரு பங்கு அளவுக்கே நிரப்பினார். அடுத்த மாதம் நாள்தோறும் 1 கிலோ 130 கிராம் தீவனம் போதுமானதாயிற்று. துணியில் விழுந்தது 30 கிராம் அளவே. முட்டை அதே எட்டு. முன் கொண்ட விலையில் பார்த்தால் நாள் செலவு 45 ரூபாய் 20 காசு. மிச்சம் 10 ரூபாய் 80 காசு. மாதத்துக்கு 324 ரூபாய்.

தவணை கட்ட வந்த நாளில், 300 ரூபாயை எண்ணிக் கொடுத்துவிட்டு, மிச்சத்துக்கு என்ன செய்வது என்று கேட்டார். அடுத்த மாதம் கோழிகளுக்குப் புழுநீக்க மருந்து வாங்க வைத்துக்கொள்ளும்படி சொன்னோம். கணக்கு முடிக்கும் படிவம் இன்னும் நம் மேசை இழுப்பறையில், நிரப்பப்படாமலே இருக்கிறது.